காற்று அடங்கியதும் மோதிரம் தேடுவேன்

உப்புவெளி,
பங்குனி 11.

அன்புள்ள மச்சான் மேர்வினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உமது அக்கா அருள்மலரும், என் முழங்காலைத் தவிர, சுகம். கனடாவில் நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்கவேண்டாம். வீட்டில் போன் ஒன்றுதான், அது அக்காவின் கையில்.

உலோகம் தேடும் மெஷின் ஒன்று அனுப்பும் என்று நான் எழுதியபோது, "ஏன் அத்தான்?" என்று கேட்டீர். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். புரட்டாதியில் கரைவலை இழுத்தவர்களுக்கு, யாரும் கூப்பிடாமலே, கைகொடுக்கப் போனேன். "மாஸ்டர், விடுங்கோ, உங்களால ஏலாது" என்றார்கள். ரோஷம் வந்து இழுத்தேன். வலை வந்தது, நெத்தலி வந்தது, என் கலியாண மோதிரம் போய்விட்டது. விரல் வீங்கியதால் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன் என்று அக்காவிடம் புளுகியிருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் எங்கள் நாற்பதாவது கலியாண நாள் பூசை. சுவாமியார் இரண்டு மோதிரங்களையும் ஆசீர்வதிக்கப்போகிறார். அன்றோடு என் கதை முடிந்தது.

மெஷின் கார்த்திகையில் வந்தது. பொலிசில் அனுமதிக் கடிதமும் எடுத்தேன். மெஷினால் தேடக் காய்ந்த மணலும் அடங்கிய கடலும் வேண்டுமாம். கார்த்திகை முழுக்க மழை. மார்கழியில் வாடைக்காற்று, மோதிரம் கிடந்த கரையையே அலை அள்ளிக்கொண்டு போனது. தையில் மழை விட்டது, எனக்குத் தடிமன் பிடித்தது. மாசியில் வானம் வெளித்ததும், முதலில் வீட்டு வளவுக்குள் பழகுவோம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு இறங்கினேன். மெஷின் கத்தியது. குந்தியிருந்து மெல்ல மெல்லக் கிளறினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ரபீக்கா "மாஸ்டரிர வளவுக்குள்ள மிதிவெடி!" என்று கத்தியது எனக்குக் கேட்கவில்லை. சண்டை முடிந்தபின் இந்த ஊரில் அப்படியொரு மெஷினோடு நடந்தவர்கள் மிதிவெடி எடுத்தவர்கள் மட்டுந்தானே. நிமிர்ந்து பார்த்தால் ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமான் இல்லை. தெருமுனையில் நின்று அக்கா, "இஞ்சாருங்கோ, அசையாதேங்கோ!" என்று அழுகிறாள். நான் தோண்டியெடுத்தது சோடா மூடி. தண்ணிக் குழாய் தேடினேன் என்று சமாளித்தேன். அயல்வீட்டு அலியார் காக்கா இன்றைக்கும் எங்கள் வாசலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்.

உண்மையைச் சொன்னால், இப்போது காலநிலையில் ஒரு குறையும் இல்லை. கடல் குளம்போலக் கிடக்கிறது. எனக்குத்தான் வெட்கம். மெஷினோடு கரையில் இறங்கினால் வெயில் காயும் வெள்ளைக்காரரும் மாடுகளும் ஒன்றாக ஓடும். ஆகவே இன்னும் கொஞ்சம் காற்று அடங்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அக்காவிடம் வாய்தவறியும் விட்டுவிடாதேயும், உமக்குப் புண்ணியமாகப் போகும்.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும், மிச்சம் இருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
உமது அத்தான்,
தம்பிராசா.

பி.கு: முத்திரை ஒட்டச் சொல்லிக் கொடுத்த இடத்தில் அக்கா முழுவதையும் வாசித்துவிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "என்ர மோதிரம் ஒன்பது வருஷத்துக்கு முந்தி, மீன் கழுவேக்க கடலோட போயிட்டுது. இது கடையில வாங்கின கவரிங். நீங்கள் ஏசுவியள் எண்டு சொல்லேல்ல. வெளிக்கிடுங்கோ, அதே கடையில உங்களுக்கும் ஒண்டு எடுப்பம்" என்றாள். இந்தக் கவரிங்கைக் காட்டித்தான் மச்சான், இவளைப்போலப் பொருளைப் பேணத் தெரியவேண்டும் என்று ஊருக்கெல்லாம் படிப்பித்துத் திரிந்தேன். சுவாமியார் கண்டுபிடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"அவர் என்ன, கல்லில உரைச்சே பாக்கப்போறார்?" என்கிறாள்.