ஆமைப் பேட்டைக்காரர் ரூம் போட்ட கதை

பெண்டாட்டியை நாலு நாளைக்கு வீட்டை விட்டுக் கிளப்புவது என்று துலியோ முடிவு செய்த அந்த நிமிஷமே, இத்தாலியின் சியேனா நகரத் தபால் நிலையத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஸ்டாம்ப் விற்றுக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு ஒரு சேனாதிபதியின் களை வந்துவிட்டது. மீசையைத் தடவிக்கொண்டார். மீசை சின்னதுதான். இருந்தாலும் தடவிக்கொண்டார்.

சண்டை ஒன்றுமில்லை. அவர் ஆமைப் பேட்டை. அவர் மனைவி இசோலினா நத்தைப் பேட்டை. இரண்டு பேட்டையும் சுவரோடு சுவர் ஒட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கொன்று ஆகாதவை. வருஷம் பூரா இருவரும் ஒரே கட்டிலில் படுத்து, ஒரே குண்டாவில் காபி போட்டுக் குடிப்பார்கள். பேட்டைக்கு ஒரு குதிரை ஓடும் ஆகஸ்ட் பதினாறாம் தேதிப் பந்தயம் நெருங்கிவிட்டால் இசோலினா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பந்தயம் முடிந்து, ஜெயித்த பேட்டையின் ஆட்டம் அடங்கியபின் திரும்புவாள். சியேனாவில் மாற்றுப் பேட்டையில் கல்யாணம் செய்கிறவர்கள் இதையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். ஆமையும் நத்தையும் குதிரைப் பந்தயத்தில் போட்டியா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பதுண்டு. தாராளமாகச் சிரிக்கலாம். துலியோ இல்லாத இடமாகப் பார்த்துச் சிரிப்பது நல்லது.

இந்த வருஷம்தான் சிக்கல் வந்தது.

"அம்மா வீட்டுக் கூரையில ஓடு மாத்துறாங்க. அம்மா லிவோர்னோவுல சித்தி வீட்டுக்குப் போறா. நான் இந்தத் தடவை இங்கதான்," என்றாள் இசோலினா.

"இங்கன்னா?"

"இங்கன்னா இங்கதான். இந்த நாற்காலில."

"அது என் நாற்காலி."

"சரி, பக்கத்து நாற்காலில."

துலியோவுக்கு அது சரிப்படாது. காரணம், பத்து நாளைக்கு முன்னால் நடந்த ஒரு விஷயம். ஆமைப் பேட்டைத் தலைவர் தபால் நிலையத்துக்கு வந்து, ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்கி, அதை நாக்கில் தொட்டபடியே காதோரமாகச் சொல்லியிருந்தார்:

"பதினாலாம் தேதி சாயங்காலம் ஏழு மணி. இன்னொரு பேட்டைத் தலைவரை நான் தனியாப் பாக்கணும், பந்தயத்துக்கு ஒரு ரகசியப் பேரம். ஊருக்குள்ள எங்க உக்காந்தாலும் பத்து கண்ணு பாக்கும். உன் வீடு ஊர் மதிலுக்கு வெளியில, ஆலிவ் தோப்புக்கு நடுவுல இருக்கு. குடுப்பியா?"

"குடுக்கிறதா! தலைவரே, வீட்டையே எழுதித் தரேன்."

"எழுத வேண்டாம். உன் வீட்டுக்காரி?"

"இருக்க மாட்டா. இருபத்திரண்டு வருஷமா இருந்ததில்ல."

"நத்தை வாசனை லேசா அடிச்சாலும் நான் ஃபோஸ்கோ வீட்டுக்குப் போயிடுவேன்."

ஃபோஸ்கோ பக்கத்துக் கவுன்டரில் மணியார்டர் பார்க்கிறவன். துலியோவைவிட ஏழு வயது சின்னவன். பேட்டை ஊர்வலத்தில் கொடி பிடிக்கிறான், கமிட்டியில் கை தூக்குகிறான், தலைவர் தோளில் கை போட்டுப் பேசுகிறான். துலியோவுக்குப் பேட்டை இதுவரை கொடுத்த பொறுப்பு ஒன்றே ஒன்று. பந்தயத்துக்கு முந்தின நாள் தெருவிருந்தில் மடக்கு நாற்காலிகளை விரிப்பது. விருந்து முடிந்ததும் மடக்குவது. முப்பது வருஷமாக விரித்து மடக்கி, விரித்து மடக்கி, மனுஷர் மனதுக்குள் ரொம்பவே மடங்கிப்போயிருந்தார். இப்போதுதான் நிமிர ஒரு சந்தர்ப்பம். தலைவர் வந்துபோன மறுநாளே ஆறு பாட்டில் நல்ல ஒயின் வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒளித்துவைத்தார். கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கோப்பைகளை எடுத்துத் துடைத்து வைத்தார். இவ்வளவையும் செய்தபின் பெண்டாட்டி வீட்டில் உட்காருவேன் என்றால் எப்படி?

ஹோட்டலில் ரூம் போட்டு அனுப்பிவிட வேண்டியதுதான். அதுவும் மலிவாக. இதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைத்தார் துலியோ.

இசோலினா பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இசோலினா, உனக்கு ஒரு பரிசு. நாலு நாள் ஹோட்டல்ல தங்கப் போற."

"யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. நம்ம கல்யாண நாளுக்கு."

"அது நவம்பர்ல."

"முன்கூட்டியே கொண்டாடுறோம்."

"இருபத்திரண்டு வருஷமா மறந்துட்டு, இப்ப மூணு மாசம் முன்னாடியே ஞாபகம் வருதா? டாக்டர் யாரையாவது பாக்கலாமா?"

"நான் ஆசையாச் சொல்றேன், நீ கிண்டல் பண்ற."

இசோலினா ஒரு பீன்ஸைப் பிளந்து, உள்ளே இருப்பதைக் கவனமாகப் பார்த்தாள். "சரி, போறேன். ஆனா ஹோட்டல் நத்தைப் பேட்டைக்குள்ள இருக்கணும்."

"இருக்கும்."

"காலையில காபி, ரொட்டி எல்லாம் அவங்களே தரணும்."

"தருவாங்க."

"முக்கியமா, அந்த ஆர்ஜியா விடுதில மட்டும் போட்டுடாத. மூணு மாடி. லிஃப்ட் கிடையாது. குளியலறை நடைவழிக் கடைசில. எவ்வளவு சல்லிசா இருந்தாலும் வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் துலியோவின் காதில் தங்கியது 'சல்லிசு' ஒன்றுதான்.

ஆனாலும் நியாயஸ்தர். முதலில் மற்ற இடங்களுக்குத்தான் போன் செய்தார். பந்தய வாரத்தில் சியேனாவில் ரூம் கேட்பதென்றால் லேசா? ஒருவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். இன்னொருவர், "எந்த வருஷத்துக்கு சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றாவது ஆள் வாடகையைச் சொன்னபோது, அது ஏதோ போன் நம்பர் என்று நினைத்துத் துலியோ அதை எழுதிக்கொண்டார். பதினோரு ஹோட்டல் முடிந்தது. பன்னிரண்டாவதாக ஆர்ஜியா விடுதி. போனை எடுத்தது முதலாளியம்மா ஆர்ஜியாவே.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். மூணாவது மாடி, பின்பக்கம்."

"எந்தப் பேட்டை எல்லை?"

"வாசப்படி நத்தைத் தெருவில."

"பின்பக்கம் என்ன தெரியும்?"

"ஏதோ ஒரு முற்றம் சார். சுத்தி மதில். நடுவுல ஒரு அத்திமரம்."

"பிரமாதம். நல்லாக் காத்து வரட்டும். எவ்வளவு?"

சொன்னாள். துலியோவுக்கு அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆனா சார், முழுப் பணமும் இப்பவே. திருப்பித் தர மாட்டேன்."

"யாரும்மா திருப்பிக் கேக்கப் போறா!"

விஷயத்தைக் கேட்டதும் இசோலினா பீன்ஸ் கிண்ணத்தை டொம்மென்று வைத்தாள். "ஆர்ஜியா விடுதியா? நான் என்ன சொன்னேன்?"

"பணம் கட்டியாச்சு."

"மூணு மாடி, துலியோ!"

"பெட்டியை நான் தூக்கிட்டு வரேன்."

அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். "சரி. உன் இஷ்டம். ஆம்பளை சொன்னா நான் எப்ப மாட்டேன்னேன்?"

இந்த வாக்கியத்தை இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறோமே என்று துலியோ ஒரு கணம் யோசித்திருக்கலாம். அவர் அன்றைக்கு யோசிக்கிற நிலையில் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய்க் கோப்பைகளை இரண்டாம் முறை துடைத்தார்.

பதிமூன்றாம் தேதி காலை. ஐம்பத்தெட்டுப் படிகள். பெட்டி கல்லாகக் கனத்தது.

"இதுல என்னதான் வச்சிருக்க?"

"நாலு நாளைக்கு வேண்டியது."

அறை சுமாராகத்தான் இருந்தது. கட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. துலியோ போய் ஜன்னல் கதவைப் பெருமையாகத் தள்ளித் திறந்தார். "பாரு, அத்திமரம்!"

அத்திமரம் இருந்தது. அத்திமரத்துக்கு அடியில் நெல்லோ இருந்தான். நெல்லோ ஆமைப் பேட்டையின் குதிரைக்காரன். புது வைக்கோலை உதறிப் பரப்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. மதிலில் ஆமைக் கொடி.

துலியோவின் வாய் திறந்தது. மூடவில்லை.

பழைய லாயத்தின் தரை ஜூலை மாதம் உள்வாங்கிப்போனதால், இந்தப் பந்தயத்துக்கு மட்டும் குதிரையை வேறொரு முற்றத்தில் கட்டுவது என்று பேட்டைக் கூட்டத்தில் தீர்மானமாகியிருந்தது. அன்றைக்கு எழுந்து நின்று, "நாலு பக்கமும் மதில்! ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்க முடியாது!" என்று முழங்கி அதை வழிமொழிந்தவர் வேறு யாருமில்லை, துலியோவேதான். அவர் அந்த முற்றத்தில் தரையில் நின்று மதிலை மட்டும்தான் பார்த்திருந்தார். அண்ணாந்து பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் சீட்டுக் குலுக்கி எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று சொல்லிவிடுவார்கள். ஆமைப் பேட்டைக் குதிரை நேரே இந்த அத்திமரத்தடிக்கு வரும். அது எந்தக் காலை ஊன்றுகிறது, என்ன தின்கிறது, யார் யார் வந்து பார்க்கிறார்கள், எல்லாமே இந்த ஜன்னலிலிருந்து தெரியும்.

பின்னால் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. இசோலினா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவள் அப்பாவின் வேட்டைத் தூரநோக்கி. ஒரு மடக்கு ஸ்டூல். கோடு போட்ட நோட்டு. இரண்டு பென்சில். ஒரு முழ நீளத்துக்குச் சலாமி இறைச்சி.

"இசோலினா, இது... இது எங்க லாயம்."

"அப்படியா?" தூரநோக்கியைக் கண்ணில் வைத்துத் திருகினாள். "அட, நெல்லோ மீசையை எடுத்துட்டானே. நல்லாவே இல்ல."

"வா, வீட்டுக்குப் போயிடலாம்."

"பரிசா குடுத்ததை வேண்டாங்கக் கூடாது. அதுவுமில்லாம மத்தியானம் எங்க பேட்டைப் பொம்பளைங்க பன்னெண்டு பேர் ரூம் பாக்க வராங்க. துலியோதான் பணம் கட்டி எடுத்துக் குடுத்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். உன்னைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன்."

ஆமைப் பேட்டைக் குதிரைக்கு நேர் மேலே, சொந்தக் காசைக் கட்டி, ஒரு நத்தையை ஸ்டூல் போட்டு உட்கார வைத்தவர் என்று பேர் வாங்கினால், பேட்டைக் கழுத்துத் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஊரை விட்டே துரத்துவார்கள். ஐம்பத்தெட்டுப் படிகளையும் நாலே தாவலில் இறங்கினார்.

"ஆர்ஜியா அம்மா, வேற ரூம்?"

"இல்ல சார்."

"பணமே வேண்டாம். அந்த ரூமைப் பூட்டிடுங்க."

"பந்தய வாரத்தில ஆளில்லாம ரூமைப் பூட்டி வைக்கிற வழக்கம் இங்க இல்ல சார். நீங்க காலி பண்ணினா லிஸ்டுல அடுத்தவங்களுக்குக் குடுப்பேன். முதல் பேரு நத்தைத் தெரு ரொட்டிக்காரர். ரெண்டாவது நத்தைத் தெரு கசாப்புக் கடைக்காரர். மூணாவது..."

துலியோ மூச்சிரைக்க மறுபடி மேலே ஏறினார். இசோலினா நோட்டில் ஏற்கெனவே அரைப் பக்கம் எழுதியிருந்தாள்.

"இசோலினா, உன் கால்ல வேணா விழறேன்."

"கால்ல எல்லாம் விழாத, முழங்கால் பிடிச்சுக்கும்." தூரநோக்கியைக் கீழே வைத்தாள். முகத்தில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது. "ஒரு வழி இருக்கு. இந்த ரூம்ல நீ தங்கு. ஆமை ஜன்னல்ல ஆமையே இருக்கட்டும். நான் வீட்டுக்குப் போயிடறேன். என் ஆளுங்களுக்கு ஏதாவது சாக்கு சொல்லிக்கறேன்."

"நிஜமாவா?"

"நீ என் புருஷன் இல்லையா?"

துலியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை நெற்றியில் முத்தமிட்டு, நோட்டிலிருந்த அரைப் பக்கத்தைக் கிழித்து வாங்கிக்கொண்டு, பெட்டியை வாசல் வரை தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பேட்டையைக் காப்பாற்றியாகிவிட்டது. யாருக்கும் தெரியாமல் ஒற்றை ஆளாகக் காப்பாற்றியாகிவிட்டது. சலாமியில் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

பாதி மென்றபோதுதான் ஞாபகம் வந்தது. பதினாலாம் தேதி. ஏழு மணி. வீடு. வீட்டில் இப்போது நத்தை.

தலைவருக்குப் போன் செய்தார். "தலைவரே, வீட்டுல... அவ இருக்கா."

"சரி, நான் ஃபோஸ்கோகிட்ட பேசிக்கறேன். நீ வழக்கம்போல நாற்காலியைப் பாத்துக்கோ. எங்க இருக்க இப்ப?"

எங்கே இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? "தலைவரே, இந்தத் தடவை நாற்காலிக்கும் வர முடியாது," என்றார். தலைவர் போனை வைத்துவிட்டார். துலியோவுக்கு அது ரொம்பவே வலித்தது. நாற்காலியையும் ஃபோஸ்கோவே விரிப்பான். அதையும் அவன் நன்றாகத்தான் செய்வான்.

மறுநாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடைவழிக் கடைசியிலிருந்த குளியலறைக்குப் போனார். அங்கே தெருப்பக்கம் பார்த்து ஒரு சின்ன ஜன்னல். அடுத்த தெருவில் அவர் மாமியார் வீடு தெரிந்தது. கூரையில் ஒரு ஓடுகூட இடம் மாறியிருக்கவில்லை. லிவோர்னோவில் இருக்க வேண்டிய மாமியார் மாடத்தில் நத்தைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். பாட்டு வேறு.

படியேறி வந்த ஆர்ஜியாவைப் பிடித்தார். "அந்த வீட்டுக் கூரை வேலை முடிஞ்சிடுச்சா?"

"என்ன வேலை சார்? ஓடு மாத்தினது போன வருஷம்ல. இசோலினா சொல்லலியா?"

"இசோலினாவை உங்களுக்குத் தெரியுமா?"

"என் பள்ளிக்கூடத் தோழி சார்! 'என் வீட்டுக்காரர் போன் பண்ணுவாரு, அந்தப் பின்பக்க ரூமை யாருக்கும் குடுத்துடாத'ன்னு அவ சொன்னதால பத்து நாளா உங்களுக்குன்னே வச்சிருந்தேன்."

துலியோ அறைக்குத் திரும்பிச் சாய்ந்த கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். கைபேசி அடித்தது. இசோலினா. பின்னால் ஆண்கள் சிரிக்கிற சத்தம்.

"துலியோ, சாப்பிட்டியா?"

"யாரு அங்க?"

"எங்க பேட்டைத் தலைவர். இன்னொரு பேட்டைத் தலைவரைத் தனியாப் பாக்கணும்னாரு. மதிலுக்கு வெளியில, யாரு கண்ணும் படாத வீடா வேணும்னாரு. மாட்டேன்னு சொல்ல முடியுமா? உன் நாற்காலி அவருக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது, எங்க..."

"உன் வாழ்க்கையில நீ கண்ணாடிக் கோப்பை துடைச்சிருக்கியா? தொட்டிக்கு அடியில ஆறு பாட்டில் வேற. பாத்திரம் தினமும் யாரு கழுவுறா? சரி, அதெல்லாம் நீ வந்தப்புறம் பேசிக்கலாம். இவங்க காத்துட்டு இருக்காங்க. கார்க் எடுக்கிற திருகாணியை எங்க வச்ச?"

துலியோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே அத்திமரத்தடியில் ஆமைப் பேட்டைக் குதிரை நிம்மதியாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தது.

"ரெண்டாவது இழுப்பறையில," என்றார். "கைத்துண்டுக்கு அடியில."