அம்மாவுக்கு மட்டும் உடம்பு

சினிமா எடுக்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. எடுப்பதற்கு முன்னால் யோசிக்கிறவர்கள் ஒரு வகை. "போஸ்ட்ல பார்த்துக்கலாம்" என்கிறவர்கள் இன்னொரு வகை. போஸ்ட் என்றால் படப்பிடிப்பு முடிந்தபின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. நான் கல்லூரியில் இரண்டாவது வகைக்குத் தலைவியாக இருந்தேன். (அந்த வார்த்தையை வீட்டில் முதல் முறை சொன்னபோது, எந்தப் போஸ்ட், கரண்ட் போஸ்டா என்று அப்பா கேட்டார். கிண்டல் இல்லை, சந்தேகம்தான்.)

நான் படித்தது விஷுவல் எஃபெக்ட்ஸ். அப்பாவுக்கு அதில் துளியும் சம்மதமில்லை. திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக அம்பத்தூர் வந்து, அயனம்பாக்கத்தில் ஏரி தெரியும் என்று சொல்லி விற்கப்பட்ட, ஏரி தெரியாத ஃபிளாட்டை வாங்கிய மனிதர் அவர். மகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஐடி கம்பெனிக்குப் போக வேண்டும் என்பது அவர் கனவு. அம்மாதான் குறுக்கே நின்று, பிள்ளை ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்று எனக்கு அந்தப் படிப்பை வாங்கிக் கொடுத்தாள்.

கடைசி வருடம் குழுவாகச் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்க வேண்டும். அதைப் பெற்றோர் முன்னிலையில் கல்லூரி அரங்கில் திரையிடுவார்கள். அதற்குள் அப்பா தன் நண்பர் மூலம் எனக்கொரு ஆபீஸ் வேலையைப் பேசி வைத்துவிட்டார்.

"மொதல்ல உன் படத்தப் பாக்குதேன். பாத்துட்டு, அந்த வேலையா இந்த வேலையான்னு சொல்லுதேன்" என்றார்.

அதாவது என் எதிர்காலம் முழுவதும் நான்கு நிமிடப் படத்தில் தொங்கியது. ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்தால் இரண்டு பேர் மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கதை வைத்திருப்பாள். நான் ஷேர் ஆட்டோவைப் பறக்கவிட்டேன்.

கதை இதுதான். காட்டுப்பாக்கம் ஜங்ஷனில் டிராஃபிக் அசையாமல் நிற்கிறது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஒரு ஷேர் ஆட்டோ, பயணிகளோடு அப்படியே மேலே எழும்பி, பஸ்களையும் தண்ணீர் லாரிகளையும் தாண்டிப் போரூருக்குப் பறக்கிறது. அந்த ஜங்ஷனில் ஒரு முறையாவது நின்றவர்களுக்கு இதில் கற்பனை எவ்வளவு குறைவு என்பது புரியும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். நான் இயக்குநர் (நானே சொல்லிக்கொண்டது). ஜெனி கேமரா. பூந்தமல்லி ரஃபீக் கம்ப்யூட்டர் வேலை. அவன் அப்பாவுக்குப் பூந்தமல்லியில் துணிக்கடை என்பதால், பின்னால் கட்ட வேண்டிய பச்சைத் துணியும் அவன் பொறுப்பு. பச்சைத் துணிக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்திப் படம் பிடித்துவிட்டால், கம்ப்யூட்டர் பச்சையை மட்டும் அழித்துவிடும். அந்த இடத்தில் வானத்தையும் காட்டுப்பாக்கத்தையும் ஒட்டிக்கொள்ளலாம். இப்படி அழிப்பதற்குக் 'கீ' போடுவது என்று பெயர். நீலத் துணியும் கட்டலாம். ஆனால் எங்களுக்கு வண்டி தந்த நசரத்பேட்டை டில்லி அண்ணனின் ஷேர் ஆட்டோவே நீலம். அதனால் பச்சை.

ஓட்டுநராக டில்லி அண்ணனே. பயணிகளாக நடிக்க அம்மா, அப்பா, ஆவடியிலிருந்து அப்பாவின் அக்கா, அதாவது அத்தை. அம்மா எங்கள் பிளாக்கில் கீழ்வீடு, மேல்வீடு, தண்ணீர் கேன் போடுகிறவர் வரை, மகள் எடுக்கும் படத்தில் தான் நடிப்பதைச் சொல்லி முடித்திருந்தாள்.

படப்பிடிப்புக்கு முந்தின நாள் ரஃபீக்குக்கு நினைவூட்ட வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டேன். 'நாளைக்குப் பச்சை ரொம்ப முக்கியம். பச்சை இல்லாமல் யாரும் வந்துவிடாதீர்கள்.' போட்டது எங்கள் குழுவுக்கு அல்ல, குடும்ப குரூப்புக்கு. அத்தை உடனே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பெரியவர்கள் எதற்கும் கட்டை விரல் காட்டுவார்கள்தானே என்று நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இங்கே எங்கள் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அத்தை ஒரு கலர் அறிவிப்பாள். வளைகாப்புக்கு அரக்கு, கிரகப்பிரவேசத்துக்கு மஞ்சள். அந்தக் கலரில் வராதவர்கள் போட்டோவில் ஓரத்தில்தான் நிற்க முடியும். ஆகவே மறுநாள் நசரத்பேட்டை மைதானத்துக்கு என் குடும்பம் வந்து இறங்கியபோது, அம்மா மயில்பச்சைப் பட்டில் இருந்தாள், அத்தை கிளிப்பச்சையில் இருந்தாள், அப்பா யாருடைய கல்யாணத்துக்கோ எடுத்த பாசிப்பச்சைச் சட்டையில் இருந்தார். பின்னால் சுவர் முழுக்க ரஃபீக் கட்டிய பச்சை.

"என்னட்டி அப்பிடிப் பாக்க? பச்சைன்னுதான சொன்ன?" என்றாள் அம்மா. தலை நிறைய மல்லிகைப்பூ. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

போய் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதியத்துக்குள் வண்டியை டிரிப்புக்கு விட வேண்டும் என்று டில்லி அண்ணன் வேறு அவசரப்படுத்தினார். ரஃபீக்கைத் தனியாகக் கூப்பிட்டேன். அவன் நிதானமாகப் பார்த்துவிட்டு, துணி ஒரு பச்சை, இவர்கள் மூன்று பச்சை, கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியும் என்றான். துணிக்கடைக்காரர் மகன் சொல்கிறான், பச்சையைப் பற்றி அவனுக்குத் தெரியாதா என்று நானும் நம்பினேன். பிறகு இரண்டு பேரும் ஒரே குரலில் அந்த மந்திரத்தைச் சொன்னோம். போஸ்ட்ல பார்த்துக்கலாம்.

படப்பிடிப்பு அமர்க்களமாக நடந்தது. பச்சையைப் பார்த்து ஓர் ஆடு வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு போனது. நானும் ரஃபீக்கும் ஆளுக்கொரு பக்கம் நின்று வண்டியை ஆட்டினோம். கீழே பார்த்துப் பயப்படுங்கள் என்று கத்தினேன். அத்தை பயப்பட மறுத்துவிட்டாள். பயந்தால் முகம் நன்றாக இருக்காதாம், கடைசி வரை கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பறந்தாள். அப்பா தினமும் ஷேர் ஆட்டோவில் போகிறவர் எப்படி உட்காருவாரோ அப்படியே உட்கார்ந்து, நடுவானில் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா ஒருத்திதான் நடித்தாள். முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கம்பியை இன்னொரு கையால் பற்றி, எட்டிப் பார்த்தாள். நானே ஒரு நொடி வண்டியை ஆட்டுவதை விட்டுவிட்டு அவளைப் பிடிக்கப் போனேன்.

"இன்னாமா, என் வண்டி நெஜமாவே பறந்துகினு போற மாரிக் கீதே" என்றார் டில்லி அண்ணன்.

கல்லூரி லேபில் ரஃபீக் கீ போட்டான். சுவர் மறைந்தது. அந்த இடத்தில் காட்டுப்பாக்கம் வானம் வந்தது. கூடவே என் குடும்பமும் மறைந்தது. காக்கிச் சட்டை போட்டிருந்ததால் டில்லி அண்ணன் மட்டும் முழுசாகத் தப்பித்தார். அவருக்குப் பின்னால் மூன்று தலைகள். ஒரு தலை சிரித்தது. ஒரு தலை, பக்கத்தில் தனியாக மிதந்த கையைத் தூக்கி மணி பார்த்தது. பூ வைத்த தலை எட்டிப் பார்த்தது.

ரஃபீக் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"மச்சி, உங்க ஊட்ல எல்லாருக்கும் ஒடம்பு எங்க போச்சு?"

திரும்ப எடுக்கலாம் என்றால் டில்லி அண்ணன் வண்டியை வேலைக்கு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். ஒரே வழி, அழிந்த உடம்பைக் கையால் மீட்பது. ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படங்கள். ஒவ்வொரு படத்திலும் புடவையின் ஓரத்தைச் சுற்றிக் கையால் கோடு வரைந்து வெட்டி எடுக்க வேண்டும். திரையிடலுக்கு இருந்த நேரத்தில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உடம்பு தர முடியும்.

ரஃபீக் விவரமானவன்.

"உங்க அப்பாவுக்குப் போடு. அவர்தான ஜட்ஜு" என்றான்.

சரியான யோசனை. அப்பாவின் சட்டைக் காலரில் ஆரம்பித்தேன். அப்போது அம்மா போன் செய்தாள். கீழ்வீட்டுக்காரர்களும் படம் பார்க்க வருகிறார்களாம், எந்த வரிசையில் உட்கார்ந்தால் திரையில் தன்னை நன்றாகப் பார்க்கலாம் என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டு, அப்பாவின் காலரை அழித்துவிட்டு, அம்மாவின் முந்தானைக்குப் போனேன்.

அந்த வாரம் முழுக்க அந்த ஒரு முந்தானைதான் என் உலகம். அது காற்றில் புரளும், நான் பின்னாலேயே போவேன். மடிப்பு விரியும், சுருங்கும், வளையலில் மாட்டும். வீட்டில் தினமும் பார்க்கும் அம்மாவை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததே இல்லை. வேலை முடிந்தபோது எனக்கு விரல் மரத்திருந்தது. ஆனால் ஆட்டோவில் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒட்டு தெரியவில்லை, ஓரம் பிசிறவில்லை. இதை நான் செய்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

திரையிடலன்று காட்டுப்பாக்கத்திலிருந்து ஆட்டோ எழும்பியதும் அரங்கம் கைதட்டியது. அடுத்த காட்சியில் அத்தையின் தலை சிரித்தபடி வந்ததும் அரங்கம் நாற்காலியிலிருந்து விழுந்தது. அப்பாவின் தலை மணி பார்த்தபோது யாரோ விசிலடித்தார்கள். எனக்குப் பக்கத்தில் உடம்போடு இருந்த அத்தை, "அடிப்பாவி" என்றாள். பிறகு அம்மா வந்தாள், முழு அம்மா, பட்டுப் புடவையும் பறக்கும் முந்தானையுமாக. சிரிப்பு நின்று, கைதட்டல் வந்தது. அம்மா திரும்பி, பின்வரிசையில் இருந்த கீழ்வீட்டுக்காரர்களைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் நாலு முந்தானை வெட்டுவேன்.

விருந்தினராக ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டூடியோக்காரர் வந்திருந்தார். அம்மாவுக்கு மட்டும் ஏன் உடம்பு என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ரஃபீக் எழுந்து, ஷேர் ஆட்டோவில் மனிதன் வெறும் தலைக்கணக்குதான் சார், பெற்ற தாய் மட்டும்தான் நமக்கு முழுசாகத் தெரிவாள் என்று ஒரு போடு போட்டான். அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அதெல்லாம் இருக்கட்டும். அந்த முந்தானைய யாரு வெட்டினது?" என்றார்.

கையைத் தூக்கினேன். படிப்பு முடிந்ததும் வந்து பார் என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது டில்லி அண்ணனின் வண்டியில்தான் வந்தோம். காட்டுப்பாக்கத்தில் வழக்கம்போல் எல்லாம் நின்றது. வண்டி பறக்கவில்லை. அங்கேதான் அப்பா ஆரம்பித்தார்.

"என் ஒடம்பு எங்கட்டி?"

"நேரமில்லப்பா."

"அம்மைக்கு மட்டும் இருந்துச்சோ?"

அப்பா ஜங்ஷனைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, படத்தில் செய்ததையே செய்கிறோம் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

"சரி, அந்த ஸ்டூடியோவுலயே சேரு. சேந்து, எனக்கும் ஒரு ஒடம்பு வாங்கித் தா."

சேர்ந்தேன். கோடு போட்டே கழுத்து வலி வந்துவிட்டது, ஆனால் வேலையை விடவில்லை. முதல் விடுமுறையில் அப்பாவுக்கு உடம்பு போட்டுக் கொடுத்தேன். அதைத் தன் ஆபீஸ் முழுக்கக் காட்டினார். அத்தைக்கு மட்டும் இன்னும் போடவில்லை. அவளும் விடுவதாக இல்லை. இப்போதும் விசேஷங்களுக்குக் கலர் அறிவிக்கும்போது, எது வேண்டுமானாலும் கட்டுங்கள், பச்சை மட்டும் வேண்டாம், இவள் இருக்கிறாள் என்பாள். போட்டோவுக்கு நிற்கும்போது, "ஏளா, இதுலயாவது எனக்குக் கழுத்துக்குக் கீழ எதுவும் வருமா?" என்று ஊரே கேட்கக் கேட்பாள்.

"போஸ்ட்ல பாத்துக்கலாம் அத்தை" என்பேன் நான்.

பின்வரிசையில் நிற்கும் அப்பா, எந்தப் போஸ்ட் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை. என் மகள் இருக்கும்போது என்ன கவலை அக்கா என்கிறார்.