செம்பருத்தியிடம் மட்டும் சொன்னது

இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த செவி எது என்று யாராவது கேட்டால், சற்றும் தயங்காமல் குரோட்டன் இலை என்பேன். அது குறுக்கே பேசாது. கொட்டாவி விடாது. முக்கியமாக, "நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று கேட்காது.

இந்தப் பேருண்மையை எனக்கு அருளியது எங்கள் 'வீட்டுத் தோட்ட மேம்பாட்டுப் பேரவை'. தலைவர் ஓய்வுபெற்ற எடைமேடை ஆய்வாளர். செயலாளர் பல் மருத்துவர். வேரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. நான்கு மணி நேரம் கூடி விவாதித்து அவர்கள் நிறைவேற்றிய தீர்மானம் இது: ஒவ்வொரு உறுப்பினரும் ஒவ்வொரு செடியிடமும் தினம் பத்து நிமிடம் உரையாட வேண்டும். உரையாடலின் சாரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். வீட்டில் வேறு யார் செடியிடம் பேசினாலும் அதே பதிவேட்டில் தேதியோடு எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஆய்வு. சிறந்த உரையாடலுக்கு முதற்பரிசு.

என்னிடம் ஒன்பது தொட்டிகள். குரோட்டன் இரண்டு, போகன்வில்லா, செம்பருத்தி, அரளி, கள்ளி, மணி பிளாண்ட், அலங்காரப் பனை, அப்புறம் ஆறு வருடமாக முழங்காலைத் தாண்டாத, கட்டுப்பாடு மிக்க ஓர் ஆலமரம்.

இயல்பில் நான் பேசாதவன். புத்தகத்தோடு உட்கார்ந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு சொல் இல்லாமல் கழியும். "அவர் யோசிக்கிறார்" என்று மனைவி விருந்தாளிகளிடம் சமாளிப்பாள். அப்படிப்பட்டவன் பேரவைக்காக நாள்தோறும் தொண்ணூறு நிமிடம் பேசினேன். வாழ்வின் வெறுமை பற்றி போகன்வில்லாவிடம் விரிவாகச் சொன்னேன். அது மறுக்கவில்லை. செடிகள் தளதளவென்று வளர்ந்தன. தண்ணீர் ஊற்றுவது, பூச்சி பொறுக்குவது, மண் கிளறுவது போன்ற 'உரையாடல் சாராப் பணிகள்' மனைவியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், ஒரு மாலை பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, ஒரு விஷயம் பேசணும்."

"இன்னும் ரெண்டு செடி பாக்கி இருக்கு."

"எனக்கு மேற்பார்வையாளர் வேலை குடுத்திருக்காங்க. வேற ஊரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். போகட்டுமா, வேண்டாமா?"

"மெதுவா பேசு. பனை மிரளுது."

"அப்ப நானும் ஒரு தொட்டியில ஏறி நின்னுக்கவா?"

ஆழமான யோசனைதான். ஆனால் காலித் தொட்டி எதுவும் இல்லை. அவள் சொன்னதில் வெள்ளிக்கிழமை மட்டும் என் மனத்தில் நின்றது. அன்று போகன்வில்லாவுக்கு உரம் போடும் நாள்.

ஞாயிறு காலை அவள் பெட்டியோடு வாசலில் நின்று ஏதோ சொன்னாள். ஆலமரத்திடம் ஒரு முக்கியமான கட்டத்தில் இருந்ததால், கையை உயர்த்தி, பொறு என்று காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள் என்றே நினைக்கிறேன்.

பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு வந்தது. பல் மருத்துவர் நெற்றி விளக்கை எரியவிட்டு, அரளியின் கிளையை விலக்கிப் பார்த்து, "ஈறு நல்லா இருக்கு" என்றார். தலைவர் பதிவேட்டைத் திறந்தார். என் பக்கங்களைப் புரட்டும்போது அவருக்கு இரண்டு முறை கண் செருகியது. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யாரு கையெழுத்து?"

நான் அறியேன். நான் எழுதுவேனே தவிர, அந்தப் பதிவேட்டைப் படித்ததில்லை. தலைவர் உரக்க வாசித்தார்:

"திங்கள், காலை ஆறு மணி, குரோட்டனிடம்: எனக்குப் பெரிய வேலை கிடைச்சிருக்கு. ஒருத்தராவது சந்தோஷப்படுங்க. புதன், கள்ளியிடம்: வேண்டாம்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா இருந்துடுவேன். நீ குத்தினாலும் பரவாயில்லை, பதில் சொல்லு. வெள்ளி, எல்லாரிடமும்: சரின்னு எழுதிக் குடுத்துட்டேன். ஞாயிறு காலை: கிளம்புறேன். எந்த ஊருன்னு செம்பருத்திகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்."

பல் மருத்துவர் விளக்கை அணைத்தார். தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"முப்பது வருஷ சேவையில இப்படி ஒரு உரையாடலை நான் பார்த்ததில்லை. முதற்பரிசு அம்மாவுக்குத்தான். சான்றிதழ் அனுப்பணும். எந்த ஊருக்குப் போயிருக்காங்க சார்?"

மாதம் முழுக்க ஒன்பது தொட்டிகளுக்கும் சலிக்காமல் சொற்பொழிவாற்றிய நான், செம்பருத்தியைக் கைகாட்டினேன்.

பேரவை நெருக்கடியில் தளர்வதல்ல. பல் மருத்துவர் செம்பருத்தியின் முன் மண்டியிட்டு, மயக்க ஊசி போட்ட நோயாளியிடம் கேட்பதுபோல் மிக மென்மையாகக் கேட்டார்: "சொல்லும்மா. எந்த ஊரு?"

எல்லோரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள். நானும் அவர் பக்கத்தில் முட்டி போட்டு இலையில் காதை வைத்தேன். அந்த வீட்டில் ஒருவர் சொல்வதைக் கேட்பதற்காக நான் குனிந்தது அதுதான் முதல் தடவை.