ஏழுமலை என்கிற அவர்

பட்டியல் போட்டால் பயம் போய்விடும் என்று நம்புகிறவள் நான். போகாது. பயமும் வரிசை எண்ணோடு வரும், அவ்வளவுதான்.

பொறியியல் முடித்து, ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலையும் கிடைத்து, "எப்போது வந்து சேரலாம்?" என்று நான் கேட்பதும் "விரைவில்" என்று அவர்கள் சொல்வதுமாக எட்டு மாதம் ஓடியிருந்த காலம். தி. நகரில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் ஆசிரியை வேண்டுமென்று விளம்பரம் பார்த்தேன். விண்ணப்பித்த அன்றே, "வேலை கிடைத்துவிட்டது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். (கிடைத்திருந்தது நேர்முக அழைப்பு மட்டும்.) அம்மா அதை மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் பன்னிரண்டு வீட்டுக்கும் கேசரியோடு விநியோகித்துவிட்டாள். ஆக, அந்த வேலையை நான் வாங்கியே தீரவேண்டும்.

நேர்முகம் என்றால் மாதிரி வகுப்பு. நாற்பது நிமிடம். தலைப்பு: ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்குப் பதில் பிரதிப்பெயர் வருவது எப்படி. பதினான்கு படிகளில் திட்டம் போட்டேன். சிவப்பு அட்டையில் பெயரை எழுதிப் பலகையில் ஒட்டவேண்டும். அதன்மேல் 'ஹீ' என்ற நீல அட்டையை வைத்து மூடவேண்டும். பெயர் போச்சு, ஹீ வந்தாச்சு. இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷியால் விளக்க முடியுமா?

கல்லூரிப் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். இருந்தது பதினொரு மணி பேட்ச். ஒன்பது பெண்கள், எல்லோருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷில் பேசிவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு வந்தவர்கள். கடைசி பெஞ்சில் மையத்தின் மேடம், கையில் மதிப்பெண் தாளோடு.

"உங்க வீட்டுக்காரர் பேரை ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றேன். முதல் மூன்று பேர் சொன்னார்கள். மூன்று சிவப்பு, மூன்று நீலம். என் குரலில் லேசாகக் கர்வம் எட்டிப் பார்த்தது.

நாலாவது, தனம் அக்கா. பட்டினப்பாக்கத்தில் காலையில் மீன் விற்றுவிட்டு, குளித்து, பூ வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருகிறவர்.

"அவரு" என்றார்.

"பேரு சொல்லுங்கக்கா."

"அதான் மிஸ்ஸு, அவரு."

"முதல்ல பேர், அப்புறம்தான் ஹீ. பேர் இல்லாம ஹீ வராதுக்கா."

"இன்னா மிஸ்ஸு நீ! கட்டினவரு பேர வாயால சொல்லுவாங்களா? அவருக்கு ஆகாது."

அடுத்தவரைக் கேட்டிருக்கலாம். முதலமைச்சர் பேரை வைத்துப் பாடத்தை முடித்திருக்கலாம். ஆனால் என் திட்டத்தில் நாலாவது படி முடியாமல் ஐந்தாவது படி கிடையாது. மேடம் வேறு பேனாவைத் திறந்தார்.

"க்ளூ குடுங்கக்கா."

"பெருமாள் பேரு."

பெருமாளுக்கு ஆயிரம் பேர். எனக்கு இருந்ததோ முப்பது நிமிடம். அகர வரிசையில் ஆரம்பித்தேன். அனந்தன்? கேசவன்? கோவிந்தன்? சீனிவாசன்? ஒவ்வொன்றுக்கும் தனம் அக்கா இல்லையென்று தலையை ஆட்ட, மற்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கு உள்ளங்கை வியர்த்து, 'ஹீ' அட்டையில் மை கரைந்தது.

அப்போதுதான் என் பொறியியல் மூளை வேலை செய்தது. மூலத்திடமே கேட்டுவிடலாமே!

தனம் அக்காவின் போனில் வீட்டுக்காரர் பேர் இல்லை, ஒரு படகுப் படம்தான் இருந்தது. அக்காவே சிரித்துக்கொண்டு அதை அழுத்தி என்னிடம் கொடுத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், தனம் அக்கா போன்லேர்ந்து பேசறேன். பதறாதீங்க. உங்க பேர் மட்டும் சொல்லுங்க."

(பதறாதீங்க என்று தொடங்கும் போனுக்கு இதுவரை யாராவது பதறாமல் இருந்திருக்கிறார்களா?)

"நீ யாரு? தனம் எங்க கீறா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல சார். தி. நகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, மாடியில..."

"மாடிலேர்ந்தா வுழுந்துட்டா?"

இணைப்பு அறுந்தது. திரும்பப் போட்டோம். எடுக்கவில்லை. நாலு தடவை. தனம் அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"வண்டிய எட்த்துக்கினு கெளம்பிட்டாரு மிஸ்ஸு. இந்த டிராபிக்ல கண்ணு மண்ணு தெரியாம வுடுவாரே!"

பிறகு நான் எதை நடத்தினேன் என்று நினைவில்லை. 'ஷீ' என்று எழுதினேனாம், பலகைக்கு வெளியே, சுவரில். வாசலில் ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒன்பது பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு பெயர்ச்சொல்லுக்காக ஒரு மனுஷனை லாரிக்கு அடியில் அனுப்பிவிட்டேனோ என்று பத்தாவது ஆளாக நானும் ஓடினேன். வேலை, கேசரி, பன்னிரண்டு வீடு எல்லாம் எங்கோ போயிருந்தன.

போன் அறுந்த இருபத்தைந்தாவது நிமிடம் படிக்கட்டில் தடதடவென்று சத்தம். லுங்கி, ஈரச் சட்டை, பின்னால் இரண்டு மச்சான்கள்.

மேடம் எழுந்து, "யார் சார் நீங்க?" என்றார்.

"ஏழுமலை! எம்பொண்டாட்டி எங்க?"

வகுப்பு முழுவதும் கைதட்டியது. தனம் அக்கா எழுந்து நின்று, அவரை நோக்கி விரலை நீட்டி, பிசிறில்லாமல் சொன்னார்: "மிஸ், ஹீ இஸ் மை ஹஸ்பண்ட்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தனம் அக்கா பக்கத்தில் போய், "பேரு கேட்டா சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? வண்டிய எம்மா வேகத்துல வுட்டுக்கினு வந்தே நீ?" என்று திட்டிக்கொண்டே அந்தத் துண்டை வாங்கி அவர் தலையைத் துவட்டினார். (பேர்தான் சொல்லக்கூடாது, 'நீ' சொல்லலாம் போல.)

நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்ஸு, அவ முழுசா கீறால்ல" என்றார் ஏழுமலை. மேடம் மட்டும், "இடம் வந்தா கூப்பிடறோம்" என்றார். சென்னையில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பொய்யிலிருந்து ஆரம்பித்து வரிசையாக. கேசரிக்காகத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அம்மாவோ சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு கேட்டாள்: "ஏன்டி, இத்தனை வருஷத்துல உங்க அப்பா பேரை நான் சொல்லி நீ கேட்டிருக்கியா?"

யோசித்தேன். ஒரு தடவைகூட இல்லை. இருபத்து மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் என் பட்டியலில் ஏறாத விஷயம்.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு வசதி வந்துவிட்டது. இப்போதும் வாசலில் கூரியர்க்காரர் வந்து "யார் பேருக்கும்மா?" என்று கேட்டால், அம்மா தயங்குவதே இல்லை. உள்ளே திரும்பி, "ஏழுமலை! உங்களுக்குத்தான்!" என்று குரல் கொடுக்கிறாள்.

சீனிவாசனாகிய என் அப்பாவும், "இதோ வரேன்" என்று எழுந்துபோய்க் கையெழுத்துப் போடுகிறார்.