ஆயில் ஃபுல்லாத்தான் இருக்கு

அன்பும் மரியாதையும், மறைப்பானேன், கொஞ்சம் பயமும் கலந்த அத்தைக்கு,

நாங்கள் மூவரும் நலம். உங்கள் நலமும் மாமாவின் முதுகு நலமும் அறிய ஆசை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். போன் செய்திருப்பேன், அது அப்பாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதனால் விடிந்ததும் நம் இரண்டு வீட்டுக்கும் பால் போடும் அக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பால் காயும்வரை காத்திருக்காமல் உடனே படியுங்கள்.

நாளை காலை பழைய வண்டி வாங்குகிறவர் வருகிறார். நம் பிக்கப்பைக் கொடுத்துவிடப் போகிறார் அப்பா. வண்டி போனால் தண்ணீர் கேன் தொழில் போச்சு, அப்பா வேறு ஊரில் யாருக்கோ டிரைவராகப் போவார், அம்மாவும் கூடப் போவாள், என்னை ஹாஸ்டலில் சேர்ப்பார்களாம். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அங்கே எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூம் அத்தை.

எல்லாம் போன வாரம் ஒரு சின்ன 'டிக் டிக்'கில் ஆரம்பித்தது. அப்பா நம் வாசல் சரிவில், மூக்கு கீழே பார்க்க நிற்கும் வண்டியின் பானெட்டைத் திறந்து, ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, வெயிலில் காட்டி, "ஆயில் ஃபுல்லாத்தான் இருக்கு" என்றார். உடனே அம்மா, "அப்போ எதுக்கு அது பல்லைக் கடிக்குது?" என்றாள். "ஆயில் இருக்கு, ஆனா தண்ணியா இருக்கு. கெட்டியா ஊத்தினா சத்தம் அடங்கிடும்" என்று அப்பா கடைக்குக் கிளம்பினார், நானும் போனேன். கடைக்காரர், "வண்டி டீசலா? எவ்வளவு ஓடியிருக்கு? வண்டிப் புத்தகத்துல என்ன ஆயில் நம்பர் போட்டிருக்கு?" என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். அப்பா, "புத்தகம் எழுதினவனா சார் கேன் ஏத்துறான்? இருக்கிறதுலயே கெட்டியானதைக் குடுங்க" என்று வாங்கிவந்துவிட்டார். அதைப் பார்த்து அம்மா, "முட்டிவலிக்குத் தைலம் வாங்குற மாதிரியே வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். ஆனால் ஊற்ற முடியவில்லை, ஏனென்றால் குச்சியில் ஃபுல்! ஃபுல்லான வயிற்றில் எப்படி ஊற்றுவது? டப்பா இன்னும் சமையலறையில் மூடி திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி.

அப்புறம் அப்பா சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தார். அம்மாவின் நீளக் காம்புக் கரண்டியை எடுத்து, குழியைக் காதில் வைத்து, காம்பு நுனியை எஞ்சின்மேல் ஒவ்வொரு இடமாக ஊன்றிக் கேட்டார். "டாப்பெட்டா இருக்கும்" என்றார். இன்னோர் இடத்தில் ஊன்றி, "பெல்ட்டா இருக்கும்" என்றார். எனக்கும் ஒரு தடவை கேட்கக் கொடுத்தார். கடல் சத்தம் மாதிரி இருந்தது என்றேன், கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து டிக் டிக்கோடு 'கணகண'வென்று புதுச் சத்தம்! தெருவே எட்டிப் பார்த்தது. அப்பா முகம் வெளுத்து, "உள்ளே கனெக்டிங் ராடு போயிடுச்சு, இனி எஞ்சினைப் பிரிச்சாகணும், அதுக்குப் பணத்துக்கு எங்கே போவேன்" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இதற்கு நடுவில் அம்மா கரண்டியைக் காணோமென்று வீட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள், எல்லாவற்றையும் டம்ளரால் அள்ளி ஊற்றுகிறாள், தட்டில் விழுவதைவிட எங்கள் மடியில் விழுவது அதிகம்.

இப்போது ரகசியம். நேற்று கடைசி நடையாக வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு என் பள்ளிக்குக் கேன் இறக்க வந்தபோது, அப்பா வாட்ச்மேனிடம் வண்டியின் நோயைச் சொல்லிக்கொண்டிருந்தார். நிறுத்தி ரொம்ப நேரமாகியிருந்தது. வண்டியில் கைவைக்கக் கூடாது என்பது எனக்குச் சட்டம், இருந்தாலும் குச்சியை உருவி, என் ரிப்பனால் துடைத்து, திரும்ப விட்டு எடுத்தேன். பள்ளி மைதானம் தட்டையான தரை அத்தை. குச்சியில் கீழ்க்கோட்டைக்கூட ஆயில் தொடவில்லை! நம் வாசல் சரிவில் இருக்கிற கொஞ்ச ஆயிலும் முன்னால் ஓடி வந்து குச்சியில் ஏறிக்கொள்கிறது. எஞ்சின் பட்டினி, குச்சி மட்டும் ஏப்பம் விடுகிறது. இரண்டு சத்தமும் அதனால்தான், சத்தியமாக.

நான் சொன்னால் "சட்டத்தை மீறினியா?" என்பார், மீதியைக் கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால்தான் நடக்கும். அவருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நீங்கள். போனில் உங்கள் குரல் வந்தால் இன்றும் எழுந்து நின்றுதான் பேசுகிறார். காலையில் கூப்பிட்டு, "டேய், வண்டியைச் சமதரையில விட்டுக் குச்சியைப் பாருடா, அந்த டப்பாவைக் குடுத்துட்டுப் புத்தகத்துல போட்ட நம்பரை வாங்கி ஊத்துடா" என்று உங்களுக்கே தோன்றிய மாதிரி சொல்லுங்கள். என் பேர் வரக் கூடாது. ரிப்பன் பேரும் வரக் கூடாது.

மாமாவுக்கு வணக்கம். உங்கள் ஆசீர்வாதத்தை ஹாஸ்டல் முகவரிக்கு அனுப்ப வேண்டிய நிலை வராதிருக்கட்டும்.

போர்வைக்குள்ளிருந்து,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: சத்தியம் செய்துவிட்டேனே என்று பயந்து, இன்னொரு தடவை பார்க்க டார்ச்சோடு வாசலுக்குப் போனேன். சத்தியத்தில் பாதியை அடித்துவிடுங்கள். ஆயில் குறைவு நிஜம், டிக் டிக் அதனால்தான் இருக்கும். ஆனால் பேட்டரிக்குப் பின்னால் ஏதோ மின்னியது. கையை விட்டு இழுத்தேன். அம்மாவின் கரண்டி! எஞ்சினில் லேசாகத் தட்டிப் பார்த்தேன், அதே கணகண. அப்பாவின் கனெக்டிங் ராடு இப்போது என் மடியில் இருக்கிறது. அம்மாவிடம் கொடுத்தால் அப்பா ஆயுசுக்கும் தலைநிமிர முடியாது. அதனால் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிறேன். ஆயில் வாசனை போகக் கழுவி, போன தடவை வந்தபோது நீங்கள்தான் எடுத்துப்போனதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அம்மா உடனே நம்புவாள். அவள் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.