பத்துக்கு மூன்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம், கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும். நான்கு தெரு தள்ளி இருப்பவனுக்குக் கடிதம் எதற்கு என்பாய். போனில் பேசினால் குரல் நடுங்குகிறது. கையெழுத்து இன்னும் நடுங்கவில்லை.

தாறுமாறாகத் துடித்த இதயத்தை வழிக்குக் கொண்டுவரப் போன வாரம் தொடை ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டு உள்ளே சூடு வைத்தார்கள் அல்லவா, மாட்டுக்குக்கூட வெளியில்தான் வைப்பார்கள், போகட்டும், துடிப்பு இப்போது ஒழுங்காகிவிட்டது, ஆனால் முந்தாநாளிலிருந்து மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் ஊக்கு குத்துகிறது, படுத்தால் கூடுகிறது, முன்னால் குனிந்தால் குறைகிறது, அதனால் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்ந்தபடியே தூங்குகிறேன், கான்வென்டில் இப்படித் தூங்கியவளை நாள் முழுக்க நிற்கவைத்தார்கள். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்ஸ் எடுத்த எடுப்பிலேயே, "வலி பத்துக்கு எத்தனைம்மா?" என்றாள். "மூன்று" என்றேன். "அவ்வளவுதானா? அப்ப டாக்டர் மத்தியானம் கூப்பிடுவாரு. மூச்சு முட்டினா, தலை சுத்தினா உடனே சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாது, எங்கள் கான்வென்ட் மதர் யாருக்குமே பத்துக்கு ஆறு மார்க்குக்கு மேல் போட்டதில்லை. பத்து ஆண்டவருக்கு, ஒன்பது புனிதர்களுக்கு என்பார். உன் அத்தான் போன அன்றைக்கே நான் எட்டுதான் போட்டேன். இந்த வலிக்கு மூன்றுக்கு மேல் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கறீங்க?"

"சுவர் விழாமல் பிடித்துக்கொள்கிறேன்."

"நல்லா புடிங்க. செவுரு வேர்த்து ஊத்துதே!"

வேர்த்தது எனக்குத்தான். சூடு வைத்த இடம் ஓட்டையாகிவிட்டால் என்ன செய்வது, தம்பி? கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் உன்னிடம் கேட்கிறேன். பயம் ஒன்றும் இல்லை. நீ வர வேண்டியதில்லை. உன் வேலையைப் பார்.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், அதை அனுபவிக்க நல்ல நெஞ்சும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: உறையை ஒட்டக் குனிந்து நிமிர்ந்தேன், மூச்சு பாதியில் நின்றுவிட்டது. நர்ஸை மறுபடி கூப்பிட்டு எட்டு என்றேன். "அதுக்குள்ள மூணு எட்டாயிடுச்சா?" என்று பதறினாள். "காலையிலேயே எட்டுதான். நான்தான் கஞ்சத்தனமாகப் போட்டேன்" என்றேன். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. தையல்காரி இந்தக் கடிதத்தோடு உன் வீட்டுக்கு ஓடி வருகிறாள். மேலே எழுதியதில் பயம் இல்லை என்பதையும் வர வேண்டாம் என்பதையும் அடித்துவிடு. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பாயே, அதற்காக எத்தனை முறை உன் காதைத் திருகியிருக்கிறேன்! அந்தப் பழக்கத்தை இன்னும் விட்டிருக்க மாட்டாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். ஓடி வாடா.