கோவிந்தராசுவின் மிஸ்டு கால் சட்டம்

மனைவி சிங்கப்பூருக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் கோவிந்தராசு ஒரு சட்டம் இயற்றினார். நீடாமங்கலத்தில் தம் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிரே ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு இயற்றிய சட்டம். அந்த ஒரே ஆளான நீலாம்பாளும் அப்போது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லா கேட்டுக்க நீலா. அங்க போய் எறங்குன ஒடனே போனை ஆன் பண்ணிடு. ஆனா யாரு கூப்ட்டாலும் எடுக்காத."

"எடுக்காம இருக்கறதுக்கு எதுக்குங்க போனு?"

"அங்கதான் சூட்சுமமே இருக்கு. ஜாஃபர் சாதிக் செல்போன் கடையில வெவரமா கேட்டுட்டு வந்துட்டேன். ரோமிங்னு ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் சிம்மை அங்க கொண்டுபோனா, நீ கூப்ட்டாலும் உனக்குக் காசு. உன்னை யாராச்சும் கூப்ட்டு நீ எடுத்தாலும் உனக்குக் காசு."

"பேசாம இருந்தா?"

"பேசாம இருந்தா காசு இல்ல."

"அப்ப நீங்க போயிட்டு வாங்க. உங்களுக்குத்தான் லாபம்."

கோவிந்தராசு இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஆற்றுத் தலைப்பில் ஷட்டரைத் திறப்பதும் மூடுவதுமே உத்தியோகம். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று முறை வைத்து விட்டவர். திறந்தே கிடந்தால் எதுவும் வீணாகும் என்பது அவருடைய தீர்மானம். பேச்சும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து நீலாம்பாளின் பக்கம் ஷட்டர் மேலேயே நின்றது, இவர் பக்கம் இறங்கியே கிடந்தது. மொத்தத்தில் குடும்பத்துக்குப் பாசனம் குறையவில்லை.

சட்டம் இதுதான். தினம் சாயங்காலம் இவர் மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு ரிங் என்றால் உயிரோடு இருக்கிறேன். இரண்டு ரிங் என்றால் சாப்பிட்டாயிற்று. மூன்று ரிங் என்றால் ஒரு குறையும் இல்லை, நிம்மதியாக இரு. அவளும் அதே கணக்கில் திருப்பி அடிக்க வேண்டும். யாரும் யாருடையதையும் எடுக்கக் கூடாது.

"ஒடம்பு சரியில்லன்னா எத்தனை ரிங்கு?" என்று நீலாம்பாள் கேட்டாள்.

"எனக்கு அதெல்லாம் வராது."

"பாக்கணும் போல இருந்தா?"

கோவிந்தராசு மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். "அதுக்கெல்லாம் ரிங்கு கெடையாது" என்றார்.

அவள் ஆய்ந்த கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். சட்டம் ஏகமனதாக நிறைவேறியது என்று இவர் எடுத்துக்கொண்டார்.

மகள் சுடர்விழிக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. பிள்ளை பிறந்து, குளிப்பாட்டிப் பத்தியம் வைத்துக்கொடுத்து, தீபாவளிக்கு முன்னால் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கையை ஆட்டியபோதும், இவர் மூன்று விரலைக் காட்டிச் சட்டத்தை நினைவூட்டினார். பக்கத்தில் நின்ற ஒருவர், அந்த அம்மாளுக்கு மூன்று பிள்ளைகளா என்று விசாரித்தார்.

முதல் சில நாள் சட்டம் அழகாக நடந்தது. சாயங்காலம் விளக்கு வைத்ததும் கோவிந்தராசு மூன்று ரிங் விட்டுத் துண்டிப்பார். சிறிது நேரத்தில் அவருடைய போனில் நீலாம்பாள் என்று பெயர் விழுந்து, மூன்று தரம் அடித்து ஓயும். பேரன் பிறந்த செய்தியை மட்டும் மாப்பிள்ளையின் அப்பா நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார். மற்றபடி எல்லாம் ரிங்தான்.

"கடல் தாண்டி வர்ற ரிங்கு, எவ்வளவு தெளிவா இருக்கு பாத்தீங்களா? காலணா செலவில்ல!" என்று ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

ஒரே ஒரு தொல்லை. தினம் சாயங்காலம் ப்ளஸ் போட்ட நீளமான ஒரு நம்பர் வந்துகொண்டிருந்தது. வெளிநாட்டு நம்பரை எடுத்தால் நம் காசும் கரைந்துவிடும் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். வந்த வேகத்தில் துண்டித்துவிட்டு, "யாருகிட்ட!" என்று போனைப் பார்த்துச் சிரிப்பார். அன்றாடம் அவர் வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வீடு அவரைப் பிடித்துத் தின்றது. காலையில் காப்பி போட்டால் இரண்டு பேருக்கு ஆகிவிடும். நீலாம்பாள் பார்க்கும் தொடரை இவர் பார்க்க ஆரம்பித்தார். யார் மாமியார், யார் மருமகள் என்றே பிடிபடவில்லை. ஆனால் வந்தவுடன் அவள் கதை கேட்பாளே என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். பொழுது சாய்ந்தால் ரயில்வே கேட்டுக்குப் போவார். அந்த கேட் மூடினால் ஊரே சபிக்கும். கோவிந்தராசுவுக்கு மட்டும் சந்தோஷம். பஸ்ஸிலும் பைக்கிலும் நிற்கிறவர்கள் வேறு வழியில்லாமல் இவரோடு பேசுவார்கள். எந்த ஊர், நடவு முடிந்ததா, தண்ணீர் கடைமடைக்கு வந்ததா என்று இவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேட் திறந்துவிடும். பதில் சொல்ல வந்தவன் பாதியில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். வாழ்நாளெல்லாம் ஷட்டரைத் திறந்து விட்ட மனிதர், ஒரு கேட் திறப்பதை இப்படி வெறுப்பார் என்று யார் கண்டார்கள்!

பக்கத்து வீட்டு அம்சம் அடிக்கடி கொல்லைச் சுவர் மேலாகக் கிண்ணத்தை நீட்டுவாள்.

"அண்ணே, கொஞ்சம் வத்தக்கொழம்பு."

"எதுக்கும்மா? நான் சாப்ட்டாச்சு."

"என்ன சாப்ட்டீங்க?"

"அது... சாப்ட்டாச்சு."

"அண்ணி போன் பண்ணிச்சா?"

"தினமும் ரிங்கு வருது. அங்க ஒரு கொறையும் இல்ல. இங்கயும் ஒரு கொறையும் இல்ல."

அம்சம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பாவம், நமக்காக வருத்தப்படுகிறாள் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

ஒரு நாள் பதில் ரிங் வரவில்லை. இவர் மூன்று விட்டார். மறுபடி மூன்று விட்டார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ப்ளஸ் நம்பர் வேறு இரண்டு தரம் வந்து எரிச்சலைக் கிளப்பியது. அம்சத்திடமாவது சொல்லலாம் என்று கொல்லைக்குப் போனால், அவள் திருத்துறைப்பூண்டியில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். சோறு இறங்கவில்லை. போனை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் மூன்று ரிங் வந்தபோது, அறுபது வயது ஆண்பிள்ளை சமையற்கட்டில் போய் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டார்.

அப்புறம் ஒரு சாயங்காலம். மழை பிடித்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கும் போக முடியவில்லை. காப்பி போட்டார். இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்துவிட்டு, "நீலா, ஆறிடப் போவுது பாரு" என்று குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. அந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். ரோமிங்காவது மண்ணாவது, காசு போனால் போகட்டும் என்று போனை எடுத்தார்.

ஒரு ரிங். இரண்டு. மூன்று. விரல் தானாகத் துண்டிக்கப் போனது. பிடித்துக்கொண்டார். நான்கு. ஐந்து. எடுத்துவிட்டாள்!

"நீலா, நீ பேசாத, உனக்குக் காசு போவும். நான் சொல்றதை மட்டும் கேளு. எனக்கு இங்க ஒண்ணும் சரியில்ல. ஒரு கொறையும் இல்லன்னு விட்ட ரிங்கெல்லாம் பொய்யி. உன் சத்தம் கேக்காம வீடு வீடாவே இல்ல. கூடத்துல ஒக்காந்தா பயமா இருக்கு. நீ தீபாவளிக்கு முன்னாடி கண்டிப்பா வந்துடு. வந்தப்புறம் எவ்வளவு வேணா பேசு, நான் கேட்டுக்கறேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவர் நெஞ்சு இளகிப்போனது.

"அழுவாத நீலா."

"அண்ணே..."

"யாரு?"

"நான்தாண்ணே, அம்சம்."

கோவிந்தராசு போனை எடுத்துப் பார்த்தார். பெயர் சரியாகத்தான் இருந்தது. "நீ சிங்கப்பூர்ல என்னம்மா பண்றே?"

"சிங்கப்பூரெல்லாம் இல்லண்ணே. அடுப்படியில நிக்கிறேன். இருங்க, பால் பொங்குது."

பால் பொங்கி அடுப்பில் விழுந்த சத்தம் அவருக்கு இரண்டு காதிலும் கேட்டது. ஒரு காதுக்குப் போன் வழியாக, இன்னொரு காதுக்குச் சுவர் வழியாக.

குடையைக்கூட எடுக்காமல் கொல்லைக்கு ஓடினார். அம்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர் ஓரம் வந்தாள்.

"கோச்சுக்காதீங்கண்ணே. நம்ம ஊர் சிம்மு வேணாம், காசு போவும், இங்க வேற சிம்மு வாங்கித் தர்றேன்னு சுடர் சொல்லிடுச்சு. அண்ணி பொறப்படறப்பவே போனை என்கிட்ட குடுத்துடுச்சு. அவரு ரிங்கு விடுவாரு, நீ திருப்பி விட்டுடு, இல்லாட்டி மனுஷன் தவிச்சுப்போயிடுவாருன்னு சொல்லிச்சு. அந்த வளைகாப்பு அன்னிக்குத்தான் போனை அரிசி டின்னுலயே வச்சுட்டுப் போயிட்டேன்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"அவரா ஒரு நாள் போனை எடுத்துப் பேசற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சுண்ணே. தினமும் என்கிட்ட ஒரு மணி நேரம் பேசும். உங்களைத்தான் மொதல்ல கூப்புடும். நீங்கதான் கட் பண்ணிடுவீங்களாமே?"

அந்த நேரம் பார்த்து அவர் கையில் போன் அடித்தது. ப்ளஸ் போட்ட நீளமான நம்பர். கோவிந்தராசு நனைந்த கையால் அதை எடுத்தார்.

"எடுத்துட்டீங்களா!" என்றாள் நீலாம்பாள். பின்னால் பேரன் அழுதான். "இங்கேர்ந்து பேசினா உங்களுக்குக் காசே இல்லங்க. எனக்கும் கார்டுல கொஞ்சம்தான். சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

"நீ எப்ப வர்ற?"

"பொங்கல் கழிச்சு."

"என்னது! தீபாவளிக்குன்னுதானே பேச்சு?"

"இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போம்மான்னு சுடர் கெஞ்சுறா. நான் மாட்டேன்னுட்டேன். அப்பா தனியா தவிச்சுக்கிட்டு இருப்பாருன்னேன். அவரு நெலம என்னன்னு பாருடின்னு அம்சத்துகிட்ட கேட்டேன். அண்ணன் தினமும் ஒழுங்கா மூணு ரிங்கு விடுறாரு, ஒரு கொறையும் இல்லன்னுதான் வாயாலயும் சொல்றாருன்னா. அதான் நேத்து டிக்கெட்டை மாத்தியாச்சு."

"அது சும்மா விட்ட ரிங்கு நீலா!"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? சும்மா விடறதுக்கு நீங்க தனியா ரிங்கு வைக்கலையே."

கோவிந்தராசு சுவரைப் பிடித்துக்கொண்டார். அம்சம் மழையை வேடிக்கை பார்ப்பதுபோல நின்றாள்.

"மறுபடியும் மாத்தச் சொல்லு நீலா. நீ வந்துடு."

அவள் குரல் இறங்கி வந்தது. "நெசமாவா சொல்றீங்க? நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா நாளைக்கே மாத்திடுவேங்க. என்ன, மாத்துனா கட்டின காசு கொஞ்சம் போயிடும். அவ்வளவுதான்."

போகட்டும், வா. இந்த இரண்டு வார்த்தைதான் சொல்ல வேண்டும். மனசெல்லாம் அதுதான் இருந்தது. வாயைத் திறந்தார்.

"எவ்வளவு போவும்?" என்றது வாய்.

"அதான பாத்தேன்" என்றாள் நீலாம்பாள். சிரித்தாளா, பெருமூச்சு விட்டாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "பொங்கல் கழிச்சு வர்றேன். நாளைக்குக் கூப்பிடறப்ப எடுங்க. பிள்ள அழுவுறான், வச்சுடறேன்."

கோவிந்தராசு உள்ளே வந்தார். தலையைத் துவட்டிக்கொண்டார். இரண்டு டம்ளர் காப்பியும் ஆறியிருந்தது, ஒன்றன் பின் ஒன்றாகக் குடித்தார். விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல் போனை எடுத்து மூன்று ரிங் விட்டுத் துண்டித்தார்.

கொல்லைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சரிண்ணே! சொல்லிடறேன்!"